ஆறு பணமும் பன்னிரண்டு அணாவும்

வணக்கம் ஐயா. புதுச்சேரியில் இருந்த பெரியப்பாவின் தபால்தலை ஆல்பம் என் கைக்கு வந்திருக்கிறது. அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் 75-ஆம் ஆண்டுக்காக 1949-ல் வந்த இந்தியத் தலைகள் நான்கும் (9 பை, 2 அணா, 3½ அணா, 12 அணா), பிரெஞ்சிந்தியாவின் 6 ஃபனோன் (அங்கிருந்த நாணயம்) தலையும் அதில் இருக்கின்றன. எல்லாம் முத்திரை விழாதவை. ஆனால் இரண்டு தலைகள் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. 3½ அணா ஒட்டி வெளிநாடு போய்வந்த உறையும் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துவிடலாமா?

ஆர்., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ஆர்.,

வேண்டாம். உறையை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். வெளிநாட்டுக் கடிதத்துக்கு நீலம், அஞ்சலட்டைக்குச் சிவப்பு, அச்சுத்தாளுக்குப் பச்சை என்று ஒன்றியம் நிறம் வகுத்திருந்த காலம் அது. உங்கள் 3½ அணா நீலமாக இருப்பது அதனால்தான். தலையும் முத்திரையும் முகவரியும் சேர்ந்திருந்தால்தான் அது சாட்சி. பிரித்தால் சாதாரணத் தலை.

முத்திரை விழாததைத் தண்ணீரில் போட்டால் பின்பசை போய்விடும், அதோடு மதிப்பும். ஒட்டிய இடத்தைச் சுற்றி ஆல்பத் தாளைக் கத்தரித்து எடுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில், நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வையுங்கள். அதன் மேல், ஸ்பாஞ்சில் படாத உயரத்தில் ஒரு வலைத்தட்டு. தாள் கீழே, படம் மேலே இருக்கும்படி தலை. மூன்று மணி நேரம் கழித்து மழுங்கிய முனையுள்ள ட்வீசரால் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வராவிட்டால் மறுபடி மூடிவிடுங்கள், இழுக்காதீர்கள். ராத்திரி முழுக்க விட்டால் பூஞ்சை பிடிக்கும். கழன்றதும் பசைப்பக்கம் மேலே பார்க்க உலரவிட்டு, பட்டர் பேப்பர் நடுவில் வைத்து ஒரு புத்தகத்தின் அடியில் அழுத்துங்கள்.

பிரெஞ்சிந்தியத் தலையைத் தேய்க்கவே கூடாது. செதுக்குத் தகட்டில் அச்சானது. சாய்த்துப் பார்த்தால் மை மேடு மேடாக நிற்பது தெரியும். இந்தியத் தலைகள் லித்தோ எனும் சமதள அச்சு, வழவழவென்றிருக்கும்.

இனி ஆல்பத்தைப் படுக்கப்போடாமல் நிமிர்த்தி வையுங்கள். நம் கடற்காற்றுக்கு ஐப்பசி, கார்த்திகையில் அதைத் திறக்காமலிருப்பதே நல்லது. பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். நெடியடிக்கும் பிவிசி உறைகள் ஆகாது. பழுப்புப் புள்ளி விழுந்த தலையை அன்றே ஒதுக்கிவிடுங்கள், பக்கத்துத் தலைக்கும் பரவும்.

ஃபனோன் வேறொன்றுமில்லை, நம் பணம்தான். 24 காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய். ஆறு பணம் என்றால் முக்கால் ரூபாய், அதாவது 12 அணா. பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சுக் குடியேற்றங்களும் ஒன்றியத்தில் சேர்ந்ததும் ஒரே நாள்தான், 1876 ஜூலை 1. அந்தக் கணக்கில் கடலூரும் புதுச்சேரியும் சேர்ந்தே உள்ளே போனவை. எனவே 6 ஃபனோன், 12 அணாத் தலைகள் இரண்டையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வையுங்கள்.

அடுத்த பக்கத்துக்கு ஒன்றியத்தின் நூற்றாண்டுக்காக 1974-ல் வந்த இந்தியத் தலைகளைத் தேடுங்கள்: 25 பைசா, 1 ரூபாய், 2 ரூபாய். ஒரு ரூபாய்த் தலையில் பீகாரின் மதுபனி ஓவியப் பாணியில் பறவைகள் இருக்கும்.