கனடா எல்லை அதிகாரிகளின் தொழிற்சங்கம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மனைவிக்குப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் அசையவே இல்லை. எல்லை அதிகாரிகள் வேலைநிறுத்தம் செய்தால் இன்னும் இழுபடுமா?

பதில்: இல்லை தம்பி, அது வேறு ஆட்கள், வேறு சங்கம். விமான நிலையத்திலும் தரைவழி எல்லையிலும் சீருடையில் நிற்பவர்களுக்குச் சுங்க, குடிவரவுத் தொழிற்சங்கம். விண்ணப்பம் பார்க்கும் அலுவலக ஊழியர்கள் பெரும்பாலும் வேலைவாய்ப்பு, குடிவரவுத் தொழிற்சங்கம். இரண்டும் கனடா பொதுச் சேவைக் கூட்டணியின் கிளைகள், குழப்பம் அதனால்தான். 2023 ஏப்ரலில் விண்ணப்பங்கள் தேங்கியது இரண்டாமவர்கள் வெளியே இறங்கியதால். எல்லை அதிகாரிகள் அப்போது வேலையில்தான் நின்றார்கள்.

கேள்வி: லொறி ஓட்டுகிறேன். வேலைநிறுத்தம் என்றால் எல்லையை மூடிவிடுவார்களா?

பதில்: மூட முடியாது. முன்வரிசை அதிகாரிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் அத்தியாவசியப் பணியாளர், வேலையை விட்டு இறங்கச் சட்டம் விடாது. அவர்கள் கையில் இருப்பது ‘விதிப்படி வேலை’. வழக்கமாக இரண்டு கேள்வி கேட்டு ‘சரி, போங்கள்’ என்பவர், அன்றைக்குப் புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்பார், டிக்கியையும் திறக்கச் சொல்வார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, பின்னால் வரிசை மட்டும் நீளும். 2021 ஆகஸ்ட் 6 காலை இதைத் தொடங்கினார்கள். தடுப்பூசி போட்ட அமெரிக்கர்களுக்கு எல்லை திறக்க மூன்றே நாள் இருந்தது. அன்றிரவே உடன்பாடு வந்துவிட்டது! நேரம் பார்த்து அடித்தார்கள் என்றுதான் சொல்வேன். 2024 ஜூனில் தொடங்குவதற்கு முன்பே அரசு இறங்கிவந்தது: நான்கு ஆண்டுக்கு 14.8 சதவீதச் சம்பள உயர்வு.

கேள்வி: எல்லை அதிகாரிகளுக்குத் துப்பாக்கி கிடைத்ததும் சங்கத்தால்தானாமே?

பதில்: பாதி உண்மை. ஆயுதமில்லாத காலத்தில், ஆபத்தான ஆள் வருகிறான் என்று தகவல் வந்தால், ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிற்சட்டம் தரும் உரிமையைச் சொல்லி அதிகாரிகள் சாவடியை விட்டு விலகிவிடுவார்கள். 2006 ஜனவரியில் கலிபோர்னியாவில் கொலைக்காகத் தேடப்பட்ட இருவர் பிரிட்டிஷ் கொலம்பியா எல்லையை நோக்கி வந்தபோது அப்படித்தான் நடந்தது. கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் ஹார்ப்பர் தேர்தலில் வென்று ஆட்சி மாறியதும் அதே வாரம்தான். அந்த ஆண்டே ஆயுதம் தர முடிவாகி, 2007இல் முதல் அதிகாரிகள் துப்பாக்கியோடு நின்றார்கள். அரசு மாறாமல் சங்கம் மட்டும் கத்தியிருந்தால் நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்.

கேள்வி: டொரோண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இப்போது எல்லாம் இயந்திரம். சங்கம் என்ன சொல்கிறது?

பதில்: அதற்குப் பிடிக்கவில்லை. அதிகாரி நேரில் பார்த்துப் பேசுவதற்கு ஈடில்லை என்கிறது.

கேள்வி: இப்போதுதான் வேலையில் சேர்ந்தேன். சங்கத்தில் சேரவே இல்லை, சம்பளத்தில் சந்தா பிடிக்கிறார்களே?

பதில்: அது ராண்ட் விதி. 1945இல் வின்ட்சரில் நடந்த ஃபோர்ட் ஆலை வேலைநிறுத்தத்தை அடுத்து, நீதிபதி ஐவன் ராண்ட் 1946இல் சொன்ன தீர்ப்பு: ஒப்பந்தத்தின் பலன் எல்லோருக்கும் என்றால் சந்தாவும் எல்லோருக்கும். ஆனால் தங்கச்சி, உறுப்பினர் அட்டையில் கையெழுத்து வைக்காவிட்டால் சங்கத் தேர்தலில் உங்களுக்கு வாக்கில்லை. காசு எப்படியும் போகிறது, அட்டையைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள்.