மெஷின் சொன்னால் திருடனா?

கேள்வி: பினாங்கு, பிறை வட்டாரத்தில் ஒரு கிடங்கில் 11 ஆண்டுகளாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். போன மாதம் சில சரக்குப் பெட்டிகள் காணாமல் போயின. சாவி வைத்திருக்கும் ஆறு பேரும் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்கார வேண்டுமாம். மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம், இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடு என்கிறார் எச்.ஆர். மேனேஜர். நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவன். என்ன செய்வது ஐயா?

பதில்: ராஜினாமாவில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மிரட்டி வாங்கிய ராஜினாமாவைத் தொழில்துறை நீதிமன்றம் வேலைநீக்கமாகவே பார்க்கும். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

அந்தக் கருவி பொய்யைப் பார்ப்பதில்லை. மூச்சு, இரத்த அழுத்தம், கை வியர்வை ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைகிறது, அவ்வளவுதான். திருடியவனின் பயமும் வேலை போய்விடுமோ என்ற பயமும் அதற்கு ஒன்றே. அமெரிக்காவில் 1988லேயே தனியார் முதலாளிகளுக்கு இதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டார்கள். திருட்டு விசாரணைக்கு விதிவிலக்கு உண்டு. அங்கும் வேறு ஆதாரம் இல்லாமல் சோதனை முடிவை மட்டும் வைத்து ஆளை நீக்க முடியாது.

இங்கே மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. நமக்குக் கைகொடுப்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. தவறு செய்தார் என்று நீக்குவதற்கு முன் முறையான விசாரணை வேண்டும். அதற்காக உங்களை நிறுத்தி வைத்தாலும் இரண்டு வாரம்தான், குறைந்தது பாதிச் சம்பளத்தோடு. குற்றம் தெரியவில்லை என்றால் பிடித்த மீதியையும் தந்துவிட வேண்டும்.

மறுப்பது ஒப்புதல் ஆகாது. அதற்காக முறைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், 'உத்தரவை மீறினார்' என்று இன்னொரு குற்றச்சாட்டு முளைக்கும். இந்தச் சோதனைக்கு உட்கார வேண்டும் என்று ஒரு ஷரத்து வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்குக் காட்டாமல் பதில் எழுத வேண்டாம். இல்லையென்றால் ஒரு கடிதம் போதும்: எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தயார், சாவிப் பதிவேட்டையும் கேமரா பதிவையும் பாருங்கள், போலீஸில் புகார் கொடுங்கள், உடல்நிலை காரணமாக இந்தச் சோதனை மட்டும் வேண்டாம். டாக்டர் கடிதத்தின் நகலை இணையுங்கள். எச்.ஆர். சொன்னதைத் தேதியோடு இன்றே எழுதி வையுங்கள்.

அப்படியும் நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு மேல்முறையீடு செய்திருப்பதால் அந்தக் கணக்கு நிற்காது. பதில் வரட்டும் என்று காத்திருந்துவிட்டு 61ஆம் நாள் என்னிடம் வந்தவர்கள் உண்டு.