வாங்கும் முன்: தின்னர், பசை, பாலிஷ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஊர்க் கொடைக்கு முன்னால் கதவு, ஜன்னலுக்கெல்லாம் எனாமல் பெயிண்ட் அடித்தோம். வெளியே சாரல், அதனால் வீட்டை அடைத்தே வைத்திருக்கிறோம். நெடி போகவில்லை, எல்லோருக்கும் தலைவலி. நெடியைப் போக்க எந்த ஸ்பிரே நல்லது?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ஸ்பிரே வாங்காதீர்கள். ஜன்னலைத் திறங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறார். குடிப்பழக்கம் கிடையாது, ஆனால் சாயங்காலம் குடித்தவர் மாதிரி தள்ளாடி வருகிறார். இப்போது மறதியும் கோபமும் கூடிவிட்டன. ‘கெமிக்கல் எதுவும் உள்ளே போகாது’ என்று சொல்லி ஒரு கடையில் என்-95 மாஸ்க்கைப் பெட்டியோடு விற்றார்கள். பயனே இல்லை.
— மேலப்பாளையம் வாசகி

பதில்: சகோதரி, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். என்-95 தூசியையும் பெயிண்ட் துளிகளையும் தடுக்கும். தின்னர் ஆவி அதற்குள் தாராளமாகப் புகுந்துவிடும். தின்னரில் பெரும்பாலும் டொலுயீன், சைலீன் இருக்கும். இரண்டும் கொழுப்பில் கரைபவை. மூச்சில் இழுத்ததும் ரத்தத்தில் கலந்து, கொழுப்பு மிகுந்த மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தத் தள்ளாட்டம் அதனால் வரலாம். நல்ல காற்றில் இருந்தால் சில மணி நேரத்தில் தெளியும். வருடக்கணக்கில் இழுத்தால் ஞாபகம், நிதானம், காது கேட்பது, நிறம் பிரித்துப் பார்ப்பது எல்லாமே குறையும்.

அவருக்கு வேண்டியது கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் பொருத்தும் ரப்பர் மாஸ்க். கார்ட்ரிட்ஜில் ‘ஆர்கானிக் வேப்பர்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாடி இருந்தால் முகத்தில் ஒட்டாது. கரிக்கும் ஆயுள் உண்டு, அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். மாஸ்க் மட்டும் போதாது. இந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அதை இழுத்து வெளியே தள்ள ஃபேன் வேண்டும். இதையெல்லாம் முதலாளிதான் வாங்கித் தர வேண்டும், உங்கள் வீட்டுச் செலவில் அல்ல. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், என்ன வேலை பார்க்கிறார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மாஸ்க் வாங்கிய பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போட்டுப் புகார் பதியுங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் பால் குடித்தால் நெஞ்சில் சேர்ந்த தின்னர் இறங்கிவிடும் என்கிறார்களே?
— தச்சநல்லூர் வாசகர்

பதில்: இறங்காது. பால் வயிற்றுக்குப் போகிறது, ஆவி நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது.

கேள்வி: பெயிண்டர் கேட்டார் என்று தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கிவந்து அடுப்படியில் வைத்திருந்தோம். போன வாரம் பையன் ஒரு வாய் குடித்துவிட்டான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம், பிழைத்துக்கொண்டான். கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?
— பேட்டை வாசகர்

பதில்: பையனை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அவன் பிழைத்தது உங்கள் உப்புத் தண்ணீரால் அல்ல. தின்னரோ மண்ணெண்ணெயோ குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலே வரும்போது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் பாட்டிலில் வாங்கியது யார்? அடுப்படியில், நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தது யார்?

கடைக்காரரையும் விடப்போவதில்லை. இந்தச் சில்லறைத் தின்னர் வியாபாரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. பேரலிலிருந்து ஊற்றித் தருகிறார்களே, அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பல நேரம் விற்கிறவருக்கும் தெரியாது. மெத்தனால் கலந்திருந்தால் பார்வை போகும்; குடித்தால்தான் என்றில்லை, மூச்சிலும் தோலிலும்கூட ஏறும். பென்சீன் இருந்தால் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பெயர் தெரிந்தால்தான் எந்தக் கையுறை, எந்த மாஸ்க் என்று முடிவு செய்யலாம், டாக்டரும் எதற்கு வைத்தியம் என்று தெரிந்து பார்க்கலாம். நான் ஒரு முறை வாங்கிய ஐந்து லிட்டர் கேனில் ‘ஏ ஒன் குவாலிட்டி’ என்பதைத் தவிர ஒரு எழுத்து கிடையாது. திருப்பிக் கொண்டுபோனால், ‘எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க’ என்றார் கடைக்காரர். எல்லாரும் வாங்குவதால்தான் அவர் லேபிளைப் பற்றிக் கவலைப்படவில்லை.

வழக்குக்கு வருவோம். எச்சரிக்கை இல்லாத பொருளால் தீங்கு வந்தால், தயாரித்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில் வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கேள்வி: செருப்புப் பட்டறையில் பசை தடவும் வேலை. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. சர்க்கரை இல்லை என்கிறார்கள். நரம்பு டானிக் வாங்கிக் குடிக்கிறேன், கேட்கவில்லை.
— சங்கரன்கோவில் வாசகர்

பதில்: டானிக்கை நிறுத்துங்கள், அந்தக் காசு வீண். பசை டின்னில் ‘ஹெக்ஸேன்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதன் ஆவி உடம்புக்குள் வேறொரு பொருளாக மாறி, நீளமான நரம்புகளைத்தான் முதலில் தாக்கும். அதனால்தான் பாதத்தில் தொடங்கி அப்புறம் கைக்கு வரும். 1960-களில் ஜப்பானில் செருப்புச் செய்தவர்களுக்கு இதே கதி நேர்ந்தது. நரம்பு டாக்டரிடம் டின்னையோ அதன் போட்டோவையோ காட்டுங்கள். பசையை விட்டு விலகினால் பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும், மாதக்கணக்கில் ஆகலாம். விலகிய பிறகும் கொஞ்ச நாள் கூடுதலாக மரத்துப்போகலாம், பயந்துவிடாதீர்கள். வேலையை விடச் சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று தெரியும். முதலாளியிடம் தண்ணீரில் கரைத்த பசையைக் கேட்டுப் பாருங்கள், அப்படியும் கிடைக்கிறது. பட்டறையில் வேறு யாருக்காவது கால் மரத்தால் சேர்ந்தே கேளுங்கள்.

கேள்வி: பெயிண்ட் அப்பிய கையைத் தின்னரில் கழுவலாமா?
— களக்காடு வாசகர்

பதில்: கூடாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள்.

கேள்வி: பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள். அவளுக்காக வாங்கிய புதுக் கட்டிலில் பாலிஷ் நெடி கண்ணைக் கரிக்கிறது. ‘புதுசு அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் கடைக்காரர்.
— கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: பாலிஷ் சரியாகக் காயும் முன்னே வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறார். எனக்கும் ஒரு பீரோ இப்படித்தான் வந்தது. அதில் மடித்து வைத்த துணியெல்லாம் மாதக்கணக்கில் நெடியடித்தது. நெடி போகும் வரை மகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள், கருவில் இருக்கும் பிள்ளைக்கும் ஆவி போய்ச் சேரும். கட்டிலைத் திண்ணையிலோ தார்சாவிலோ காற்றுப்படப் போடுங்கள். மீதிப் பணம் பாக்கி இருந்தால், நெடி அடங்கிய பிறகு தருகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். முழுப் பணமும் கொடுத்திருந்தால், மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டு அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.