துவக்கு செய்வது அரசா, கம்பனியா? மாஸ்டரிடம் கேட்டவை

நான் அட்டன் பக்கத்து ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். பழைய துவக்குகளின் கதை என் பைத்தியம். கேளுங்கள் என்றேன், வந்தவற்றில் சில இவை.

பண்டாரவளைத் தம்பி: மாஸ்டர், தியத்தலாவையில் போயர் கைதிகளை அடைத்து வைத்தார்களாமே. அவர்களுடைய துவக்கு வெள்ளைக்காரனுடையதைவிட நல்லது என்பார் எங்கள் தாத்தா. உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. 1900 இல் தியத்தலாவையில் முகாம் போட்டு, தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயரோடு போரிட்ட, டச்சு வம்சத்துப் போயர்கள் ஏறக்குறைய 5,000 பேரைக் கொண்டுவந்தார்கள். போயர்களிடம் இருந்தது ஜெர்மன் மவுசர், அதாவது கம்பனித் துவக்கு. ஐந்து தோட்டாவைக் கிளிப்பில் கோத்து ஒரே அமுக்கில் உள்ளே தள்ளலாம். ஆங்கிலேயரின் லீ-என்ஃபீல்டில் அப்போது ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அது அரசாங்கத் தொழிற்சாலையின் பெயரைச் சுமந்த துவக்கு.

ஆனால் அந்தத் துவக்கை வடிவமைத்த பவுல் மவுசரை அவர் சொந்த நாடே ஒருமுறை ஒதுக்கியது. 1888 இல் ஜெர்மன் இராணுவம் தன் அதிகாரிகள் குழு வடிவமைத்த துவக்கைத்தான் எடுத்தது. பத்து வருடம் கழித்து, 1898 இல், அவருடைய துவக்கிடமே வந்து சேர்ந்தது. அமெரிக்க அரசு ஆயுதசாலையோ 1903 இல் மவுசரின் யோசனைகளை எடுத்துக்கொண்டு, பிறகு 2 இலட்சம் டொலர் உரிமைப் பணம் கட்டியது.

கண்டியிலிருந்து ஒரு தங்கை: கம்பனிகள் இருக்கும்போது அரசு ஏன், சேர், தானே செய்ய வேண்டும்?

கம்பனி அவசரத்துக்குக் கைவிடும் என்ற பயம்தான். 1850களில் ஆங்கிலேயர் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போரின்போது பர்மிங்காம் கொல்லர்கள் கையால் ராவி ராவிச் செய்ததில் துவக்குகள் நேரத்துக்கு வரவில்லை. அரசு அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வாங்கி, 1816 இலிருந்தே இருந்த என்ஃபீல்ட் தொழிற்சாலையில் பூட்டியது. பிழைப்புப் போய்விடும் என்று பயந்த பர்மிங்காம்காரர்கள் 1861 இல் ஒன்றுசேர்ந்து பீ.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) கம்பனியைத் தொடங்கினார்கள். அப்புறம் இரண்டும் ஒரே துவக்கைச் செய்தன.

அட்டன் தம்பி: இரண்டு பேரும் போட்டி போட்டால் எது நல்லது என்று யார் தீர்ப்பது?

இதுதான் கேள்வி! கொழுந்து நிறுக்கும்போது தராசு யார் கையில்? தோட்டத்து ஆள் கையில்தானே. அமெரிக்காவிலும் அப்படித்தான். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலை இராணுவத்தின் பொருள். துவக்கை வடிவமைப்பதும் அந்த இராணுவம், சோதிப்பதும் அதே இராணுவம். 1957 இல் பெல்ஜியக் கம்பனியின் எஃப்.ஏ.எல். துவக்கைத் தள்ளிவிட்டுத் தங்கள் எம்-14 துவக்கை எடுத்தார்கள். பிறகு யூஜின் ஸ்டோனர் என்பவர் சின்னக் கம்பனி ஒன்றுக்காக வடிவமைத்த ஏ.ஆர்-15 வந்தது. அதன் சோதனைகள் எம்-14 பக்கம் சாய்ந்திருந்ததாக இராணுவத்தின் சொந்த விசாரணையே சொன்னது. 1963 இல் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா எம்-14 தயாரிப்பை நிறுத்தினார்.

கம்பனி வென்றது, ஆனால் கதை முடியவில்லை. எம்-16 என்ற பெயரில் வியட்நாம் போருக்குப் போன ஏ.ஆர்-15 இறுகி நின்றது. இராணுவம் தோட்டாவின் வெடிமருந்தை மாற்றியிருந்தது. துவக்குக்குள் தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூசவில்லை. சுத்தம் செய்யும் சாமான்களைக்கூடப் பலருக்குக் கொடுக்கவில்லை. துவக்கைக் கழற்றிப் போட்டபடியே செத்துக் கிடந்தவர்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு இரண்டு பக்கத்தின் மேலும் கோபம் வந்தது. 1967 இல் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸின் குழு இராணுவத்தைக் கடுமையாகச் சாடியது. அடுத்த வருடம் ஸ்பிரிங்ஃபீல்டை மூடினார்கள். இப்போது அது நூதனசாலை.

பதுளை அண்ணன்: அப்படியென்றால் கம்பனியே மேல் என்கிறீர்களா?

இல்லை அண்ணே. கனடாவில் ராஸ் என்ற செல்வந்தரின் கம்பனித் துவக்கு, குறி பார்த்துச் சுடுவதற்கு அருமை. முதலாம் உலகப் போரின் சேற்றில் இறுகிக்கொண்டது. சிப்பாய்கள் அதை எறிந்துவிட்டு, செத்த ஆங்கிலேயர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1917 இல் அரசு அந்தத் தொழிற்சாலையையே எடுத்துக்கொண்டது.

நுவரெலியாத் தம்பி: எங்கள் தோட்டத்துப் பெரிய துரையிடம் பீ.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் இருந்ததாம். அதே கம்பனியா மாஸ்டர்?

அதேதான். துவக்கு ஓடர் குறைந்த காலத்தில் சைக்கிளுக்கும், பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் போனார்கள். சின்னம் மட்டும் மாறவில்லை: ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துவக்கு. அந்த வண்டி இன்னும் பழைய ஸ்டோரில் கிடந்தால், துருவைத் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.