எக்ஸ்எம்எல்லைப் பைத்தான் ஆப்ஜெக்டாக மாற்றும்போது: வாசகர் கேள்விகள்

கேள்வி: டேட்டாகிளாஸில் (ஃபீல்டுகளை மட்டும் அறிவித்தால் போதும் என்ற பைத்தான் கிளாஸ் வகை) ஃபீல்டுக்கு 'இன்ட்' என்று டைப் கொடுத்திருக்கிறேன். மதிப்பு ஸ்ட்ரிங்காகவே நிற்கிறதே?

பதில்: நிற்கத்தான் செய்யும். டேட்டாகிளாஸ் அந்த டைப்பைக் குறித்துவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஓடும்போது சரிபார்க்காது, மாற்றவும் மாற்றாது. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பைத்தான் மாட்யூலான எலிமெண்ட்ட்ரீயும் ஆட்ரிபியூட் (எலிமெண்டின் தொடக்க டேகுக்குள் எழுதும் மதிப்பு) எதையும் ஸ்ட்ரிங்காகத்தான் தரும். நடுவில் மாற்றுவது உங்கள் வேலை. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எக்ஸ்எம்எல்லில் அதன் பெயர், அது ஆட்ரிபியூட்டா உள் எலிமெண்டா, மாற்றும் ஃபங்ஷன் எது, வராவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஃபீல்டின் மெட்டாடேட்டாவிலேயே (ஃபீல்டோடு சேர்த்துவைக்கும் கூடுதல் குறிப்பு) எழுதிவிடுங்கள். அப்புறம் எல்லா கிளாஸுக்கும் ஒரே லூப் போதும். ஆட்ர்ஸ் லைப்ரரியில் இதற்கென்றே 'கன்வர்ட்டர்' இருக்கிறது.

கேள்வி: ஆட்ரிபியூட்டில் 'ஃபால்ஸ்' என்று இருந்தாலும் ஆப்ஜெக்டில் 'ட்ரூ' ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: மாற்றும் ஃபங்ஷனாக 'பூல்' கொடுத்திருப்பீர்கள். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் அதற்கு 'ட்ரூ'தான். எக்ஸ்எம்எல் ஸ்கீமா (ஃபைலில் எது எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் விதிகள்) ஏற்கும் பூலியன் எழுத்து வடிவங்கள் நான்கே: 'ட்ரூ', 'ஃபால்ஸ்' (இரண்டும் சின்ன எழுத்தில்), 1, 0. இந்த நான்கையும் ஒரு டிக்ஷனரியில் போட்டு அதில் தேடுங்கள். வேறு எது வந்தாலும் எரர் வரட்டும். 'யெஸ்' வந்தாலும் சமாளிப்போம் என்று இடம் கொடுத்தால், அடுத்து வெறும் 'ஒய்' வந்து நிற்கும். 'இன்ட்' கூட அப்படியொன்றும் கறார் இல்லை. '1_000' என்று கொடுத்துப் பாருங்கள், சத்தமில்லாமல் 1000 ஆக்கிவிடும்.

கேள்வி: தொகைக்கு ஃப்ளோட் போதுமா?

பதில்: வேண்டாம், டெசிமல். அதையும் ஸ்ட்ரிங்கிலிருந்து நேராக உருவாக்குங்கள். நடுவில் ஃப்ளோட் வந்தால் 0.1 அப்போதே கெட்டுவிடும்.

கேள்வி: நேம்ஸ்பேஸ் (ஒரே பெயர்கள் மோதாமல் பிரித்துவைக்கும் அடையாளம்) சேர்த்துத் தேடினால் எலிமெண்ட் கிடைக்கிறது, ஆட்ரிபியூட் கிடைக்கவில்லை.

பதில்: முன்னொட்டு இல்லாத ஆட்ரிபியூட் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராது. மேலே டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் அறிவித்திருந்தாலும் அது எலிமெண்டுகளுக்கு மட்டும்தான். வெறும் பெயரில் கேளுங்கள்.

கேள்வி: உள் எலிமெண்ட் ஃபைலில் இருக்கிறது. ஆனாலும் என் கோடு டிஃபால்ட் மதிப்பையே எடுக்கிறது.

பதில்: 'ஃபைண்ட்' தருவதை 'இஃப்' போட்டோ 'ஆர்' போட்டோ சோதிக்கிறீர்களா? குழந்தை எலிமெண்ட் இல்லாத எலிமெண்ட், உள்ளே எழுத்து இருந்தாலும், 'ஃபால்ஸ்' ஆகவே எண்ணப்படும். பைத்தான் 3.12 முதல் இதற்கு எச்சரிக்கை வருகிறது. 'இஸ் நன்' என்று கேட்டுச் சோதிப்பதுதான் சரி. காலி எலிமெண்டின் 'டெக்ஸ்ட்'டும் 'நன்' ஆகத்தான் வரும். ஆகவே எலிமெண்டே இல்லாததையும், இருந்து காலியாக இருப்பதையும் தனித்தனியாகக் கையாளுங்கள்.

கேள்வி: இத்தனையும் கையால் எழுதவேண்டுமா?

பதில்: எக்ஸ்எஸ்டி ஃபைல், அதாவது ஸ்கீமா எழுதிய ஃபைல், கையில் இருந்தால் வேண்டாம். எக்ஸ்எஸ்டேட்டா என்ற பைத்தான் லைப்ரரி அதிலிருந்தே டேட்டாகிளாஸ்களை எழுதித் தந்துவிடும்.