ஒரு ரூபாய் தீப்பெட்டி 14 வருஷம் ஏன் விலை ஏறவில்லை?

கேள்வி: பொருளாதார அதிர்ச்சிகளும் அரசின் வரிக் கொள்கையும் கடை விலையையும் தொழிலில் வரும் புதுமையையும் எப்படிப் பாதிக்கின்றன? நம்ம ஊர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். சில தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிறேன் (தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம்). அதனால் தீப்பெட்டியை வைத்தே பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்ட எல்லாமே அதற்குள் இருக்கிறது.

முதலில் விலை. 1995-ல் 25 பைசாவிலிருந்து 50 பைசா ஆனது. 2007-ல் 1 ரூபாய். அதற்கப்புறம் 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் 2 ரூபாய். நடுவில் டீசல், கூலி, அரிசி என்று எல்லாம் ஏறிக்கொண்டே இருக்க, தீப்பெட்டி மட்டும் 14 வருஷம் அசையவில்லை. யாரும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிடவில்லை. ஒன்றேகால் ரூபாய் என்று விலை வைத்தால் அந்தக் கால் ரூபாயை எப்படி வாங்குவது? 25 பைசா நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனது. 50 பைசா செல்லும், ஆனால் எந்தக் கடைக்காரரும் கையில் வாங்க மாட்டார். சில்லறை இல்லையென்றால் மிட்டாயோ தீப்பெட்டியோ எடுத்துக் கொடுக்கிற நாடு இது. ஆக, ஏற்றினால் ஒரே அடியாக இரண்டு மடங்கு ஏற்ற வேண்டும். அதையும் எல்லா முதலாளிகளும் ஒரே நாளில் செய்ய வேண்டும். ஒருவர் பழைய விலைக்கே விற்றாலும் வியாபாரி அவரிடம்தான் போவார்.

அந்த 14 வருஷம் ஏறிய செலவெல்லாம் பெட்டிக்குள்ளேயும் முதலாளியின் லாபத்திலேயும்தான் அடங்கியது. 1 ரூபாய்ப் பெட்டியில் கடைசியில் 36 குச்சிதான் இருந்தது. அதை எண்ணிப் பார்த்தவர் யார்?

2021-ல் நிலைமை கை மீறிப் போனது. கொரோனாவுக்குப் பிறகு தீப்பெட்டிக்கான மூலப்பொருள் ஒன்று விடாமல் ஏறியது. கிலோ 425 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த சிவப்பு பாஸ்பரஸ் 810 ஆனது. மெழுகு 58-லிருந்து 80, மேல்பெட்டி அட்டை 36-லிருந்து 55, உள்பெட்டி அட்டை 32-லிருந்து 58. அந்த வருஷம் செப்டம்பரில் சீனாவின் யுனான் மாகாணம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மஞ்சள் பாஸ்பரஸ் உற்பத்தியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னது. மஞ்சள் பாஸ்பரஸிலிருந்துதான் சிவப்பு பாஸ்பரஸ் செய்கிறார்கள். எங்கோ கரண்ட் போனால் நம்ம சாத்தூரில் தீப்பெட்டி மருந்து விலை ஏறும் என்பது கதையல்ல.

சிவகாசியில் கூடிப் பேசி 2 ரூபாய் என்று முடிவெடுத்தார்கள். பேப்பரில் ‘இரு மடங்கு’ என்று வந்தது. ஆனால் கூடவே குச்சியை 50 ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்பு ஒரு குச்சி 2.8 பைசா, இப்போது 4 பைசா. உண்மையான ஏற்றம் சுமார் 44 சதவீதம்தான். விலைவாசியைப் பற்றி யார் எது சொன்னாலும் நான் முதலில் எடையையும் எண்ணிக்கையையும் பார்ப்பது இந்தத் தொழிலில் வந்த பழக்கம்.

அடுத்தது புதுமை. இதில் அதிர்ச்சியை விட வரிதான் அதிகம் விளையாடியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. கையால் செய்தது என்றால் என்ன? குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டியில் குச்சி நிரப்புவது, லேபிள் ஒட்டுவது, பண்டல் போடுவது என்று ஐந்து வேலைகள். அப்போதைய விதிப்படி இதில் எதையும் மின்சாரத்தால் செய்யக் கூடாது. ஒரே ஒரு இடத்தில் மோட்டாரைப் போட்டாலும் வரி 13 சதவீதம் கூடும். மெஷின் மிச்சம் பிடித்துக் கொடுப்பது அதை விடக் குறைவு என்றால் எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்? நோக்கம் நல்லதுதான். இந்தத் தொழிலில் பெரும்பாலோர் பெண்கள், அவர்கள் வேலை போகக் கூடாது. ஆனால் சட்டமே ‘மாறாதே’ என்று சொல்லிவிட்டு, ஏன் தொழில் நவீனமாகவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிவகாசிக்கு முதலில் வந்தது மெஷின்தான். 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது. அந்த வருஷம் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஆரம்பித்தது ஜெர்மன் இயந்திரங்களோடு. மழை பொய்க்கும் பூமியில் கூலிக்கு ஆள் மலிவாகக் கிடைத்ததால் கை வேலைக்கு மாறினார்கள். அதே வரிக்காக, வெளியிலிருந்து விற்றுக்கொண்டிருந்த ஸ்வீடன் கம்பெனி 1923-ல் விம்கோ என்ற பெயரில் இங்கேயே உற்பத்தியில் இறங்கியது. வடசென்னையில் விம்கோ நகர் என்று மெட்ரோ நிற்கிறதே, அந்த விம்கோதான்.

2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் ஒரே 12 சதவீதம் என்றாக்கினார்கள். ஊரடங்கில் ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்த நேரம் அது. கை வேலைக்காரர்களுக்கு 7 கூடியது, மெஷின் வைத்தவர்களுக்கு 6 குறைந்தது. சின்ன ஆபீஸ்காரர்கள் புலம்பியது நிஜம். ஆனால் மோட்டார் போடலாமா என்ற கேள்வியே அதற்கப்புறம்தான் எனக்கு வர ஆரம்பித்தது.

இன்னொரு பக்கம் 10 ரூபாய் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிக்குச் சமம் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கணக்கு. 2022-ல் முதலமைச்சராக இருந்த ஸ்டாலினும் லைட்டரைத் தடை செய்யக் கேட்டு டெல்லிக்கு எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. தடை முழு லைட்டருக்குத்தானே, பாகங்களுக்கு இல்லையே! பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் போதும். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை போட வேண்டியதாயிற்று. ஓட்டை கண்டுபிடிப்பதும் ஒரு வகைப் புதுமைதான், வேறென்ன சொல்ல.

2025 செப்டம்பரில் தீப்பெட்டி வரி 12-லிருந்து 5 ஆனது. 2 ரூபாய்ப் பெட்டியில் இது சுமார் 12 பைசா. கடையில் விலை குறைய வழியே இல்லை, அந்தக் காசு நடுவில் யாரிடமாவது தங்கும். ஏற்றும்போது தடுத்த அதே நாணயம் இறக்கும்போதும் தடுக்கிறது. வரி குறைந்ததும் விலை குறையும் என்று யாராவது சொன்னால், எவ்வளவு குறையும், அதற்கு நாணயம் உண்டா என்று கேளுங்கள். மெஷின் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போது வரியைப் பற்றி நான் பேசுவதே இல்லை. வங்கி வட்டி எவ்வளவு, குச்சி அடுக்க ஆள் கிடைக்கிறதா, இந்த இரண்டைத்தான் கேட்கிறேன்.