தகவல் உரிமை மனுவில் என் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுவார்களா?

பெங்களூரு அல்சூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அரசு ஊழியரான உங்கள் சம்பளத்தையும் வீட்டு முகவரியையும் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறார், கொடுத்துவிடுவார்களா என்று.

சம்பளம் ரகசியமில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவே அதை அலுவலகம் தானாக வெளியிடச் சொல்கிறது. மக்கள் பணம், அப்படித்தான் இருக்க வேண்டும். முகவரி, கைப்பேசி எண், மருத்துவ விடுப்பின் காரணம் எல்லாம் வேறு. தனிப்பட்ட தகவல் என்று 8ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் மட்டுமே அதை மீறலாம். உங்கள் தகவலைக் கொடுக்கலாமா என்று கேட்டு, 11ஆம் பிரிவின்படி தகவல் அலுவலரிடமிருந்து நோட்டீஸ் வந்தால் 10 நாட்களுக்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். மனுதாரருக்குத் தரும் ஆவணத்தில் மறைப்பதற்காகக் கறுப்பு மையால் அடித்த ஆதார் எண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நானே படித்திருக்கிறேன். அடித்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலையே மனுதாரருக்குத் தரும்படி உங்கள் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்.